மேவிஸ் கண்ட பஞ்சம்

"அழுதாலும் தப்பில்ல, மேவிஸம்மா. அழுதா இன்னும் நல்லது" என்றார் ட்ரெவர், அவளுடைய சால்வையைச் சரிசெய்தபடி. புதுச் சால்வை. வானொலிப் பேட்டிக்கு எதற்குப் புதுச் சால்வை என்று யாரும் கேட்கவில்லை.

மர்ரே ஆற்றங்கரையில் இருந்த அந்த முதியோர் இல்லத்துக்கு ட்ரெவர்தான் நிர்வாகி. வெள்ளிவிழாவுக்கு உள்ளூர் வானொலியை வரவழைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பஞ்சத்தைப் பற்றி யாராவது உருக்கமாகப் பேச வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் இல்லத்தின் பெருமையை அவர் பேசுவார். மேவிஸுக்கு வயது நூற்றிரண்டு. ஆகவே பட்டினி கிடந்திருப்பாள் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

விருந்தினர் மேசையில் வறுத்த ஆட்டுக்கறியும் கேக்கும் மணத்தன. "விருந்தாளிங்க முதல்ல" என்று சொல்லி இல்லத்து முதியவர்களைச் சுவரோரமாக உட்காரவைத்திருந்தார்கள்.

வானொலிக்காரி ரோஷெல் ஒலிவாங்கியை நீட்டினாள்.

"இது நேரா வீட்டுக்கு வீடு போகுதா? இல்ல, வெட்டி ஒட்டிப் போடுவீங்களா?" என்று மேவிஸ் கேட்டாள்.

"நேரடி ஒலிபரப்பும்மா. வெட்டவே முடியாது. பசியோட இருந்த காலத்தைப் பத்திச் சொல்லுங்க."

"சூப்புன்னு ஒண்ணு ஊத்துவாங்க. அதுல கறி இருக்கான்னு கேட்டா, ஆடு அந்தப் பக்கமா நடந்து போச்சுன்னு வேணா சொல்லலாம். ஒரே தேயிலைப் பையை மூணு கோப்பையில முக்கி எடுப்பாங்க. மூணாவது ஆளுக்குக் கிடைக்கிறது வெந்நீர். அதுக்கும் நன்றி சொல்லணும்."

ட்ரெவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"என் சிநேகிதி டோரீன் இளைச்சுப்போய், விரல்ல இருந்த மோதிரம் தானா கழண்டு தட்டுல விழுந்துது. 'இன்னைக்குத் தட்டுல கெட்டியா ஏதோ விழுந்திருக்கு'ன்னு சொன்னா. நாங்க எல்லாரும் சிரிச்சோம். வேற என்ன பண்றது?"

சுவரோரம் ஒருவரும் சிரிக்கவில்லை. ரோஷெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொட்டி இல்லாமப் போச்சாம்மா?"

"ரொட்டி இருந்துச்சு. அலமாரியில பூட்டி வெச்சிருந்தாங்க. சாவி ஒரே ஆள்கிட்ட. ரொம்ப நல்லாச் சிரிப்பான். இன்னும் ஒரு துண்டு குடுன்னு கேட்டா, 'வயித்துக்கு ஆகாது'ன்னு முதுகைத் தட்டிக் குடுப்பான். அன்புல குறையே வெச்சதில்ல."

"சண்டை போடலையா நீங்க?"

"போட்டேனே. 'உனக்கு ஞாபகம் தடுமாறுது, இப்பதான் சாப்பிட்ட'ன்னு சொல்லிட்டான். ராத்திரி பூரா, ஒருவேளை சாப்பிட்டுட்டேனோன்னு நானே யோசிச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

அறையே கனத்துப் போயிற்று. இதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்று ட்ரெவருக்குத் தோன்றியது. ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குரல் தழுதழுத்தது.

"கேக்கவே நெஞ்சு பதறுதுங்க. வயசானவங்க, சின்னவங்கன்னு பாக்காம வயித்துல அடிக்கிறவனை மன்னிக்கவே கூடாது. அவன் பேரை ஊருக்கே சொல்லணும்!"

விருந்தினர்கள் கைதட்டினார்கள். ஊர்த் தலைவர் கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டுத் தட்டினார். ட்ரெவர் அடக்கமாகத் தலைகுனிந்து ஒலிவாங்கியை மேவிஸிடமே திருப்பினார்.

"எந்த வருஷம்மா இது? முப்பத்தொண்ணா, முப்பத்திரண்டா?" என்று ரோஷெல் மெல்லக் கேட்டாள்.

மேவிஸ் ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போன செவ்வாக்கிழமை."