ஈரத்தோடு கட்டிய மூட்டை

“நீங்க சொன்ன அளவுதான் டீச்சர். சோளம், புண்ணாக்கு, தவிடு, உப்பு. ஒரு பிடி கூடக் குறைக்கல,” என்றபடி ஆட்டுக்காரி கொட்டகை நடுவில் மூட்டையின் வாயை அவிழ்க்கிறாள். வீட்டிலேயே தீவனம் செய்யச் சொல்லிக்கொடுத்த டீச்சர் குனிவதற்குள் புளித்த வாடை முகத்தில் அறைகிறது. கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயில், தீவனக் குச்சிகள்மேல் பஞ்சுபோல் படர்ந்த பச்சைப் பூசணத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. “காய வைக்கலையாக்கா?” “காய வைக்கணுமா? நீங்க மாவ மிஷின்ல குச்சி குச்சியாப் பிழிஞ்சீங்க. உடனே ஒரு மூட்டையத் திறந்து, இப்படித்தான் இருக்கும்னு காட்டுனீங்க. நானும் பிழிஞ்சேன், கட்டுனேன்.” அன்று டீச்சர் காட்டியது, முன்பே வெயிலில் காய்ந்து தயாராக இருந்த மூட்டை. அந்த வெயிலை மட்டும் டீச்சர் ஆட்டுக்காரியிடம் சொல்லவில்லை. “டீச்சர் பேச்சக் கேட்டா நம்ம ஆடு பட்டமே வாங்கிடும்னியே,” என்கிறான் வாசலில் குந்தியிருக்கும் அவள் புருஷன். சினை ஆடு தடுப்புக் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி, மூட்டையைப் பார்த்துக் கத்துகிறது. காலித் தொட்டியைக் குட்டிகள் நக்கும் சத்தம் நிற்கவே இல்லை. ஆட்டுக்காரி ஒரு குச்சியை எடுத்து முந்தானையில் துடைக்கிறாள். பூசணம் போகிறது, வாடை போகவில்லை; உள்ளே ஊறிய நஞ்சும் போகாது என்று டீச்சருக்குத் தெரியும். அதை டீச்சரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடுகிறாள். “விதைச் சோளத்தையும் போட்டுத்தான் அரைச்சேன். வேற தீனி இல்ல. துடைச்சிட்டுப் போடலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்.”