தீவுக்குப் புறப்படுகிறவர்கள்

விருதுநகர் ஸ்டேஷனில் சென்னை ரயில் நிற்கிறது. சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து மாரிக்கண்ணனின் மடியில் கோடு கோடாகக் கிடக்கிறது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பல். கல்யாணமான புதிதில், வெம்பக்கோட்டை அணைக்கரையில் கூழைக்கடாக்களைப் பார்த்தபடி அவனும் செல்வலட்சுமியும் பேசிவைத்த பயணம் இது. அந்தத் தீவுகளில் மட்டுமே இருக்கும் பறவைகளை ஒருநாள் பார்த்துவிட வேண்டும் என்று அவன்தான் ஆசைப்பட்டான். பிறகு பட்டாசுக் கம்பெனியில் மருந்து தீப்பிடித்ததில் அவன் கண்கள் போயின. இந்த வருஷம் அவனே டிக்கெட் எடுக்கச் சொன்னான். பைனாகுலர் அவன் கழுத்தில்தான் தொங்குகிறது. "இங்கன குடுங்க, நான் வச்சுக்கிடுதேன்" என்கிறாள் செல்வலட்சுமி. "கப்பல் ஏறுற மட்டும் எங்கிட்டயே கெடக்கட்டும். அங்கன போயி நீ பாரு. நான் சத்தத்தைக் கேட்டுக்கிடுதேன்." பிளாட்பாரத்து வேப்பமரத்தில் மைனாக்கள் அடைய வந்து கத்துகின்றன. ரயில் மெல்ல அசைகிறது. அவன் பழைய பழக்கத்தில் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, விரலால் திருகித் திருகிச் சரிசெய்கிறான். செல்வலட்சுமி அவன் முழங்கையைப் பிடித்து, மரம் இருக்கிற பக்கமாகக் கொஞ்சம் திருப்பிவிடுகிறாள்.