பொய் சொல்லாத ஜீன்

“அடுப்பில எண்ணெய்ச் சட்டியே ஏறல. அப்புறம் எப்படி இவரு ரத்தத்துல கொழுப்பு மட்டும் ஏறும்? வெளியில போய்க் கொட்டிக்கிறாரு, வேற என்ன!”

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. உடம்பில் கொழுப்பைத் தயாரிக்கும் ஜீனை வேவு பார்ப்பது அவள் வேலை. கணவரோடு ஒரு வாரமாகப் பேச்சில்லை.

“அத்தான்தான் சத்தியம் பண்றாரே, அக்கா?” என்றாள் கூட வேலை பார்க்கும் தோழி.

“வாய் சத்தியம் பண்ணும். ஜீன் பண்ணாது. செல்லுக்குள்ள கொழுப்பு நிறைஞ்சா அது கடையை மூடிடும். குறைஞ்சா திறந்துடும். பார்த்துடலாம்.”

ஒரு குழாயில் கணவரின் ரத்தம். ஒப்பிட்டுப் பார்க்க, நோய் அறிகுறி இல்லாத ஒருவரின் ரத்தம் இன்னொன்றில். எது யாருடையது என்று தெரிந்தால் பார்ப்பவர் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் பெயரை மறைத்துச் சிவப்பு, பச்சைத் தாள்களை ஒட்டியவள் தோழி. முடிவைப் படிப்பவள் அக்கா. அங்கே எப்போதும் அப்படித்தான்.

“பச்சை வயிறு நிறையச் சாப்பிட்டு, கடையை மூடித் தூங்குது. கொடுத்து வச்ச ஆளு!” என்று சிரித்தவள், சிவப்பைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“அடியே, இங்க பாரு! ரத்தம் பூரா கொழுப்பு. அப்பவும் ஜீன் நிக்காம ஓடுது!”

“அப்படின்னா...” தோழியின் குரல் இறங்கியது.

“கொழுப்பை உள்ள வாங்குற கதவு பழுது. வெளியில வெள்ளம், செல்லுக்குள்ள பஞ்சம். அதான் தயாரிச்சுத் தள்ளுது. இது பிறவியிலேயே வர்றது. பட்டினி கிடந்தாலும் இறங்காது. மருந்து இல்லாம விட்டா நெஞ்சை அடைச்சிடும்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாவி நான், மனுஷனைத் திருடன்னு சொல்லிட்டேனே!”

“அக்கா, ஒரு நிமிஷம்...”

அதற்குள் போன் அவள் காதுக்குப் போயிருந்தது.

“என்னங்க, மன்னிச்சிடுங்க. தப்பு உங்க மேல இல்ல. உடனே கிளம்பி வாங்க, டாக்டரைப் பார்க்கணும்.”

“அப்பாடா, இப்பவாவது நம்பினியே!” என்றார் கணவர்.

அவள் போனை வைத்ததும் தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தான் வரட்டும், அக்கா. ஆனா மருந்து அவருக்கு இல்ல. பச்சைதான் அவரு. சிவப்பு, ஒப்பிட்டுப் பார்க்க நீங்க குடுத்த உங்க ரத்தம்.”