பதினோராவது இடம்

ஆளுக்கு ஒரு தாள், ஆளுக்கு ஒரு பென்சில்.

அமெரிக்காவில், கரோலினாவின் பைன் காட்டு மணலில், சட்டையில் எண் ஒட்டிய பன்னிரண்டு சிப்பாய்களும் அவரவர் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தோரு நாளாகச் சுமந்த மூட்டை. இறக்கி வைத்த பிறகும் முதுகு அதை நம்பவில்லை.

“யாரோட சேர்ந்து போர்முனைக்குப் போவியோ, அவன் நம்பர் மேல. யாரோட போகவே மாட்டியோ, அவன் அடியில. ஒவ்வொருத்தனுக்கும் எதிர்ல ஏன்னு ஒரு வரி. உன்னைத் தவிர பதினோரு பேர். இருபது நிமிஷம்.”

பயிற்றுநர் அவ்வளவுதான் சொன்னார். அங்கே யாரும் திட்டுவதுமில்லை, தட்டிக் கொடுப்பதுமில்லை.

யார் நம்பர் அடியில் அதிகமாக விழுகிறதோ, அவன் சாயங்காலம் லாரி ஏறித் திரும்பிப் போக வேண்டும். முந்நூறு பேரில் மிஞ்சியவர்கள் இவர்கள். சிறப்புப் படைக்கும் இவர்களுக்கும் நடுவில் இந்த ஒரு தாள்தான் பாக்கி.

எமெட் ஐந்தே நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டான்.

அவனுக்கு எல்லோரையும் தெரியும். பாரம் தூக்கும்போது மூக்காலேயே பாடுகிறவன் யார், இளைப்பாறி முடிந்ததும் முதலில் எழுகிறவன் யார், யாரும் பார்க்காத நேரத்தில், சேர்ந்து தூக்கும் மரக்கட்டையின் கனத்தைப் பக்கத்துத் தோளுக்குத் தள்ளுகிறவன் யார் என்பதெல்லாம். பேசாதவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

பேசாமலிருந்தது அவன் சுபாவம் இல்லை. மெர்சர் சொல்லி அனுப்பியது.

மெர்சர், பாசறையில் பக்கத்துக் கட்டில்காரன். இந்தத் தேர்வுக்குப் போனவர்கள் வந்தவர்கள் எல்லோரையும் விசாரித்து வைத்திருந்தவன். கிளம்புவதற்கு முன் எமெட்டின் கால்நகங்களைக்கூட எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான்.

“நேரா வெட்டு, வளைச்சு வெட்டாதே. நிக்கிற இடத்துல எல்லாம் சாக்ஸை மாத்து. இன்னும் எவ்வளவு தூரம்னு மட்டும் கேக்காதே. முதல்ல வராதே, கடைசியிலயும் வராதே. ஜோக் அடிக்காதே. உன் மூஞ்சி எவனுக்காவது ஞாபகம் வந்துச்சுன்னா அன்னைக்கே உன் கதை முடிஞ்சுது. மணலோட மணலா கெட.”

நல்ல யோசனைதான். முதலில் வந்து மார்தட்டியவர்களைப் பயிற்றுநர்கள் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் வந்து முனகியவர்களையும் குறித்துக்கொண்டார்கள். எமெட் மேல் ஒரு கண்ணும் விழவில்லை.

அதையே அவன் கூட்டாளிகளிடமும் கடைப்பிடித்தான், பாவம். மற்றவர்கள் ஒருவர் கொப்புளத்துக்கு இன்னொருவர் மருந்து போட்டு, வீட்டுக் கதை பேசிச் சிரிக்கும்போது, அவன் திரும்பிப் படுத்துக்கொண்டு துப்பாக்கி துடைத்தான். அந்தச் சிரிப்பைப் பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி கேட்டுக்கொண்டே தூங்கிப் போவான்.

இப்போது எதிரே இருந்த ஹார்லன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

எண்ணினான். தாளைப் பார்த்தான். மறுபடியும் எண்ணினான். பிறகு தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகக் கண்ணால் தொட்டுக்கொண்டே வந்தான். அவன் பார்வை எமெட்டுக்கு இடப்பக்கத்தவன் மேல் நின்றது. அங்கிருந்து நேராக வலப்பக்கத்தவனிடம் போய்விட்டது. நடுவில் ஒரு மரம் இருந்தால் எப்படித் தாண்டும், அப்படி.

“டேய், எனக்குப் பத்துதான் வருது.”

“எனக்கும் அதே கதைதாண்டா. எவனை விட்டோம்?”

அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகள் நிமிர்ந்தன. கண்கள் தேடின. கடைசியில் எமெட்டிடம் வந்து நின்றன. அவன் சட்டையில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தன. பிறகு ஒவ்வொரு தலையாகக் குனிந்தது.

எல்லாத் தாளிலும் மிச்சம் இருந்தது ஒரே இடம். அடி இடம்.

அவன்மேல் யாருக்கும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட முன்னாலேயே ஞாபகம் வந்திருக்கும்.

மூன்று வருடம் இதற்காகவே உடம்பைக் கசக்கிப் பிழிந்தவன், எழுதி முடித்த தன் தாளை நாலாக மடித்தான்.

ஹார்லன் எழுந்து அவனிடம் வந்து குந்தினான். எல்லோரையும் டேய் போட்டுக் கூப்பிடுகிறவன், இவனிடம் மட்டும் மரியாதையாகப் பேசினான்.

“தப்பா எடுத்துக்காதீங்க பிரதர். நம்பரை எழுதிட்டேன். எதிர்ல ஒரு வரி எழுதணுமே... உங்களைப் பத்தி என்ன எழுதறது? நீங்களே சொல்லுங்களேன்.”

நல்ல மனிதன். கேட்கும்போதே காதெல்லாம் சிவந்துவிட்டது.

அவன் கையிலிருந்த தாள் கொஞ்சம் சாய்ந்தது. மேல் வரி தெரிந்தது.

231. சதுப்பில் நான் கண் இருண்டு விழுந்த அன்று, என் மூட்டையையும் சேர்த்துச் சுமந்து கரை சேர்த்தவன்.

231 என்பது ஓட்டிஸ், அன்று ஹார்லன் கண் விழித்தபோது பக்கத்தில் நின்றவன். பத்தடி தள்ளி பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுக்குக் காற்று காட்டிக்கொண்டிருந்தான்.

எமெட்டின் தொண்டைக்குள் ஒரு வாக்கியம் வந்து நின்றது. சின்ன வாக்கியம். ஹார்லன் அதைக் கேட்டால் எழுந்து நின்று எல்லோருக்கும் உரக்கச் சொல்லிவிடுவான். இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

வாயைத் திறந்தான். இத்தனை நாள் புழங்காத குரல் கரகரவென்று வந்தது.

“தொந்தரவு இல்லாத ஆளுன்னு போட்டுக்குங்க.”

“அப்பாடா! ரொம்ப தேங்க்ஸ் பிரதர்.” ஹார்லன் முழங்காலிலேயே தாளை வைத்து எழுதிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினான்.

எமெட் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். சதுப்பு நாளிலிருந்து அவன் இரண்டு தோளிலும் மூட்டைப் பட்டை அழுத்திய தடங்கள் இரண்டிரண்டாகக் கன்றிப் போயிருந்தன. அவற்றில் ஒரு ஜோடிதான் அவன் மூட்டையுடையது.