மோதினாரின் பாங்கு

கம்பம்மெட்டுப் பள்ளிவாசலுக்குள் மலைப்பனி நுழைந்துகொண்டிருக்கிறது. அந்தி வெளிச்சம் பாய்களின்மேல் சாம்பலாகக் கிடக்கிறது. துபாயிலிருந்து வந்த டேப் ரெக்கார்டரை தொழுகை நடத்தும் யாகூப் அசரத்தின் முன்னால் வைத்திருக்கிறான் தாவூது. ஏலக்காய் வியாபாரியின் மகன், மதுரையில் பௌதிகம் படித்தவன். போன மாதம் மவுத்தாகி அடக்கமான மோதினார் உதுமான் தொழுகைக்குக் கூப்பிடும் பாங்கு அதற்குள் இருக்கிறது. புது மோதினார் வரும்வரை அதையே போடலாம் என்பது அவன் கட்சி. “மைக்குல வர்றதும் கரண்டுதானே, அசரத்?” என்கிறான். “மைக்குக்குப் பின்னால மனுசன் நிக்கிறான், தம்பி. மனசுல நெனச்சுச் சொல்ற நிய்யத்து இல்லாத சத்தம் பாங்கு ஆகாது. அதுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல” என்கிறார் அசரத்.

தாவூது பொத்தானை அமுக்குகிறான். தூறல் போன்ற இரைச்சலுக்கு நடுவே உதுமானின் குரல் எழும்புகிறது. வெளியே மூட்டை இறக்குகிறவர்கள் சுமையோடு அப்படியே நின்றுவிடுகிறார்கள். பாங்கின் ஒவ்வொரு வரிக்கும் கேட்பவர் வாய்க்குள் பதில் சொல்வது வழக்கம். அசரத்தின் உதடுகள் துடிக்கின்றன. பல்லைக் கடித்து அடக்கிக்கொள்கிறார். கடைசி வரியும் முடிகிறது. வாயைத் திறக்காமலே கடந்துவிட்ட நிம்மதியில் தாடியைத் தடவிக்கொள்கிறார்.

டேப் நிற்கவில்லை. உதுமானின் பழைய இருமல் கேட்கிறது. பிறகு, மிக அருகில், “அசரத், நேரமாச்சு. வாங்க” என்கிறது குரல்.

“இந்தா வந்துட்டேன், மோதினாரே” என்று பாதி எழுந்துவிடுகிறார் அசரத்.

டேப்புக்குள், சற்றுத் தள்ளி, அன்றைய அசரத்தின் குரலே சொல்கிறது: “இந்தா வந்துட்டேன், மோதினாரே.”