ஆட்சேபணை

ஓடையில் மோட்டார் வைத்துப் பொன் அரிக்கக் கூடாது, சட்டியை வைத்துக் கையால் அரித்துக்கொள்ளலாம் என்று அரசு புது விதி கொண்டுவரப் போகிறதாம். கையால் அரித்தால் கஞ்சிக்கும் தேறாது. அதற்குக் கருத்துக் கேட்க ஓடைக்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் அதே அதிகாரி. போன மழைக்காலத்தில் சோதனைக்கு வந்தவர், அந்த ஓடையில் பொன் அரிக்கும் சலேத்மேரியின் தம்பி வைத்திருந்த மோட்டாரை மடுவுக்குள் உதைத்துத் தள்ளினார். அதை எடுக்கக் குதித்தவன் மேலே வரவில்லை. தவறி விழுந்தான் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

“ஆட்சேபணை இருக்கறவங்க பேசலாம்” என்றார் அதிகாரி.

சலேத்மேரி மடுவிலிருந்து மீட்டுச் சரிசெய்திருந்த அந்த மோட்டாரைத் தூக்கிவந்து, மேடைக்கு நேர்கீழே வைத்துக் கயிற்றைச் சுண்டி இழுத்தாள். பந்தலே அதிர்ந்தது. அதிகாரியின் வாய் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. போலீஸ்காரர்கள் வருவதற்குள் ஓடைக்காரர்கள் எழுந்து அவளைச் சூழ்ந்து நின்றுகொண்டார்கள். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கத்தட்டும். அன்றைக்குத் தம்பி கத்தியது இவர் காதில் விழுந்ததா?

கடைசியில் அவரே இறங்கிவந்து அவள் காதருகே குனிந்து கத்தினார்.

“நிறுத்தும்மா! உனக்கு என்னதான் வேணும்?”

“எந்தம்பி பேரு என்ன சார்? சொல்லுங்க, நிறுத்திடறேன்.”

அவர் விழித்தார். திரும்பி உதவியாளரைப் பார்த்தார். அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

சலேத்மேரி கூடவே கொண்டுவந்திருந்த கேனின் மூடியைத் திருகி, ஓடிக்கொண்டிருந்த மோட்டாருக்கு இன்னும் பெட்ரோல் ஊற்றினாள்.