இருபது பாட்டுக்கு ஒரு நட்சத்திரம்

“இருபது பாட்டுக்கு ஒரே ஒரு நட்சத்திரமாப்பா? கைதவறிப் போட்டுட்டீங்களோன்னு ரெண்டு தடவை பாத்தேன்.”

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி அதுதான். கையில் அப்பா காலையில் அனுப்பியிருந்த விமர்சனம். நாளிதழின் வார இணைப்புக்கு அவள் பொறுப்பாசிரியை ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது. அப்பாவோ அதே இணைப்பில் முப்பது வருடமாக இசை விமர்சனம் எழுதுகிறவர்.

“கைதவறல. ஒண்ணுதான்,” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

‘மரப்பாலம்’ என்பது நாட்டுப்பாட்டு மெட்டில் மின்கிதாரையும் மாண்டலினையும் குழைத்துப் பாடிய நால்வர் குழு. கலைந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. அவர்களுடைய பாட்டுகளில் சிறந்தவை என்று இருபதைப் பொறுக்கியெடுத்து, மெருகேற்றி, இந்த வாரம்தான் வெளியிட்டிருந்தார்கள்.

“எங்க முதன்மை ஆசிரியருக்கு அந்தக் குழுன்னா உயிர். நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகணும். அப்பா எழுதறாரு, பொண்ணு போடறான்னு ஆபீஸ்ல ஏற்கெனவே காதைக் கடிச்சுக்கிறாங்க. இதைப் போட்டா என்னைத்தான் கேப்பாங்க.”

“கேட்டா, எங்கப்பா காது அப்படின்னு சொல்லிடு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“பாட்டு வரிசை நல்லா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மாண்டலின் இப்பதான் தெளிவாக் கேக்குதுன்னும் எழுதியிருக்கீங்க. மூணு பத்தி தலையில தூக்கி வெச்சு ஆடிட்டு, கடைசிப் பத்தியில பதினேழாவது பாட்டைக் காட்டித் தொப்புனு போட்டுட்டீங்க. அந்தப் பாட்டு அப்படி என்ன பாவம் பண்ணிச்சு?”

அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

அந்தத் தொகுப்புக்காக அவர் காத்திருந்த விதம் அவளுக்குத் தெரியும். நான்கு நாளாக மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டாலே கதவைத் திறந்து பார்த்தார். நேற்று மாலை வந்து சேர்ந்ததும் நேராகப் பதினேழாவது பாட்டைத்தான் போட்டார். காதில் ஹெட்ஃபோன், மூடிய கண்கள். பாட்டு முடிந்ததும் எழுந்துபோய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அது ஒரு ரயில் பெட்டி ஷெட்டுல நேரடியாப் பதிவு பண்ணினது,” என்றார். “கடைசிச் சரணத்துல பாடகனுக்கு வரி மறந்துபோச்சு. அப்படியே நின்னுட்டான். முன்வரிசையிலேருந்து ஒரு பொண்ணு அந்த வரியை எடுத்துக் கொடுத்தா. அவன் சிரிச்சுட்டு மேல பாடினான். பழைய ரிக்கார்டுல அது அப்படியே இருக்கும். இதுல வேற ஒரு நாள் பாடினதை வெட்டி ஒட்டி, கூட்டத்தையே தொடைச்சு எடுத்துட்டாங்க.”

“தப்பைத் திருத்தியிருக்காங்க.”

“சலவைக்குப் போட்ட சட்டை மாதிரி ஆயிடுச்சும்மா. கறையும் போச்சு, சாயமும் போச்சு.”

“இந்த வாக்கியத்தையே எழுதுங்க, நல்லா இருக்கு. ஆனா மூணு நட்சத்திரம் போடுங்க.”

“நீ ஆசிரியை. வேணும்னா மொத்தக் கட்டுரையையும் தூக்கிடு. நட்சத்திரத்துல மட்டும் கை வைக்காதே.”

அப்பா இப்படிப் பிடிவாதம் பிடித்து அவள் பார்த்ததில்லை. இளம் பாடகர் யாராவது சொதப்பினால்கூட, பாவம் பிழைத்துப் போகட்டும் என்று ஒரு நட்சத்திரம் கூட்டிப் போடுகிற மனிதர்.

“சரி, பழைய ரிக்கார்டைப் போடுங்க. நானும் கேக்கறேன். அந்த இடம் அவ்வளவு நல்லா இருந்தா, உங்க ஒத்தை நட்சத்திரத்தோடயே பக்கத்தை அனுப்பிடறேன். வர்றது வரட்டும்.”

அப்பா தயங்கினார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து இசைத்தட்டை எடுத்து வைத்தார். ஊசி இறங்கியது. மாண்டலின் வந்தது, குரல் வந்தது, கூட்டம் தாளத்துக்குக் கை தட்டியது. கடைசிச் சரணம் தொடங்கியதும் வெறும் கரகரப்புதான். அடுப்பில் ஏதோ பொரிவதுபோல் ஒரு சத்தம். அதைத் தாண்டியதும் பாட்டு மறுபடி தெளிவானது.

“என்னப்பா இது, அந்த இடம் மட்டும் தேஞ்சு போயிருக்கு?”

“ஊசியைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்துல வெச்சா தேயாம என்ன செய்யும்?”

“வேற யார்கிட்டயாவது இருக்காதா?”

“போட்டதே முந்நூறு. இருபது வருஷமாத் தேடறேன். கடைசியில கம்பெனிக்கே எழுதினேன், தொகுப்புல இந்தப் பாட்டைச் சேருங்கன்னு. சேர்த்தாங்க. இப்படிப் பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

மணி மூன்றரை ஆகியிருந்தது. மகளுக்கு எரிச்சலாக வந்தது.

“அப்ப நான் எதை நம்பிப் போடறது? எவளோ ஒருத்தி கூட்டத்துலேருந்து ஒரு வரி கத்தினா. அது இல்லைன்னு இருபது பாட்டையும் கவுக்கறது நியாயமாப்பா?”

அப்பா ஊசியைத் தூக்கினார். தட்டு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

“நியாயமில்லதான். மூணே போட்டுக்கோ,” என்றார். சுற்றும் தட்டை நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “அன்னைக்கு நீ அவ வயித்துல ஏழு மாசம். உன்னைப் பெத்துப் போட்டுட்டுக் கண்ணை மூடினவளோட குரல்னு எங்கயும் மிஞ்சினது அந்த ஒரு வரிதாம்மா. நீ வளர்ந்து கேக்கற வயசு வர்றதுக்குள்ள, நானே கேட்டுக் கேட்டுத் தீர்த்துட்டேன்.”